ஓவியம் படிக்க ஆசைப்படும் மகள்

கேள்வி: மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். ஓவியமும் கலை வரலாறும்தான் படிப்பேன் என்கிறாள். பால் வெட்டிப் பிள்ளை வளர்த்த எங்களுக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பீடோங்

பதில்: படிக்கட்டும், அம்மா. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலைப்பள்ளி இருக்கிறது. 1970களில் அந்தப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தவர் டி.கே. சபாபதி. ஓவியர் ரெட்சா பியதாசாவோடு அவர் எழுதி, 1983இல் வெளிவந்த நூல் மலேசிய நவீன ஓவியர்களைப் பற்றியது.

கலை வரலாறு உங்களுக்குத் தொலைவில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்போக் போங்கள். அங்கே 1960இல் வரலாற்றாசிரியர் அலஸ்டேர் லாம்ப் சீரமைத்த புக்கிட் பத்து பஹாட் பழங்கோயிலில் மண்டபத்தூண்களின் கல்பீடங்கள் மட்டும் வரிசையாக நிற்கும். மேலே இருந்த மரவேலை மக்கிப்போயிற்று. அது எப்படி இருந்திருக்கும் என்று மகளை வரையச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியில்தான் இந்தப் படிப்பே தொடங்குகிறது.

சேர்க்கை நேர்காணலுக்குக் கொண்டுபோகும் படங்களில் நடிகர் முகங்கள் வேண்டாம். ரப்பர் மரப்பட்டையில் இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டுக்கோடு, பால் மங்கின் விளிம்பில் காய்ந்த ஒட்டுப்பால்: இவற்றை அவளைவிட நன்றாக யார் வரைவார்கள்?

வருமானம் பற்றிய பயம் நியாயமானதே. ஓவியத்தோடு வடிவமைப்பும் கற்கட்டும். விளம்பரம், அச்சு, பொருளுறை என்று வேலை உண்டு. தனியார் கல்லூரி என்றால், அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் (எம்.கியூ.ஏ.) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கும் அது தேவை.