பச்சை டியூபை மூடி வை

அன்புத் தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய படங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. டிமை தாளைச் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருந்தாய். வேலையை மதிக்கிற பிள்ளை என்று அப்போதே தெரிந்தது. கூட வந்த கடிதத்தில் கேட்டிருந்தாய்: இங்கிலாந்து ஓவியர்களுக்கு எங்கிருந்து ஊக்கம் வருகிறது, அவர்களைப் போல வரைய கொத்மலையில் என்ன இருக்கிறது, ஊரை விட்டுப் போகாமல் ஓவியராக முடியுமா என்று. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் வழி பிறக்கும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஃபிராங்க் ஔவர்பாக் 2024 நவம்பரில் தமது 93ஆவது வயதில் காலமானார். பெர்லினில் பிறந்த யூதப் பிள்ளை. 1939இல், எட்டு வயது நிறைவதற்குள், பெற்றோர் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி உயிரைக் காப்பாற்றினார்கள். அவர்களை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். இப்படி ஒரு கதையைச் சுமந்த மனிதர் உலகத்தைச் சுற்றி வந்து வரைந்திருப்பார் என்றுதான் நினைக்கத் தோன்றும். அவரோ 1954இல் வடக்கு லண்டனில் கேம்டன் பகுதியில் ஒரு ஸ்டூடியோவைப் பிடித்தவர், கடைசிவரை அதை விடவில்லை. அந்தத் தெருவையும் பக்கத்துப் பூங்காவையும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில மனிதர்களையும் திரும்பத் திரும்ப வரைந்தார். ஜூலியட் யார்ட்லி மில்ஸ் என்ற பெண்மணி 1956 தொடங்கி 1997 வரை வாரம் இரண்டு தடவை வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். வரைந்தது மனதுக்கு ஒட்டவில்லையென்றால் அன்று பூசிய வர்ணத்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த நாள் வெறும் பலகையில் தொடங்குவார். ஒரு முகத்தை நாற்பது வருடம் பார்த்தும் பார்த்து முடியவில்லை அவருக்கு.

சீலியா பால் என்ற ஓவியர் உனக்கு இன்னும் நெருக்கமாக இருப்பார் என்று நம்புகிறேன். 1959இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர், பெற்றோர் மிஷனரிகள். சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய், பதினாறு வயதில் லண்டன் ஸ்லேட் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் சம்பளத்துக்கு வந்து நிற்கும் மாடல்களை வரைய அவருக்குக் கை ஓடவில்லை. தனக்கு வேண்டியவரைத்தான் வரைய முடியும் என்று உணர்ந்து அம்மாவை உட்கார வைத்தார். 1977இல் தொடங்கிய அந்த வேலை 2007 வரை, முப்பது வருடம் நடந்தது. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரே இருக்கும் சீலியாவின் மேல்மாடி வீட்டுக்கு அந்தத் தாய், வயதான பிறகும், படியேறி வந்து மகளுக்காக அசையாமல் உட்கார்ந்தார். லூசியன் ஃபிராய்ட் என்ற பெரிய ஓவியரின் காதலி என்றே உலகம் நெடுங்காலம் சீலியாவைப் பேசியது. 2019இல் தன் வாழ்க்கையைத் தானே எழுதி, நான் ஓவியர் என்று நிலைநாட்டினார். இன்று அவருடைய அம்மாவின் படங்களுக்கு முன்னால்தான் மக்கள் அதிக நேரம் நிற்கிறார்கள் என்றால் நான் நம்புவேன்.

இப்போது உன் படங்களுக்கு வருகிறேன். ரம்பொடை நீர்வீழ்ச்சி சுத்தமான வேலை. நீர்த்தேக்கமும் பரவாயில்லை, ஆனால் 1985இல் அந்த அணைக்குள் மூழ்கிய ஊர்களை நினைக்காமல் வரைந்திருக்கிறாய். கோடையில் தண்ணீர் இறங்கும்போது கடதொர விகாரையின் சுவர்கள் வெளியே வருமே, அப்போது போய்ப் பார். எனக்கு மனவருத்தம் தந்தது மூன்றாவது படம். சிவப்புச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு, முதுகில் பிரம்புக் கூடை, வாய் நிறையச் சிரிப்பு. தங்கச்சி, இது யார்? உன் லயத்தில் இப்படி யாராவது மலைக்குப் போகிறார்களா? பிரம்புக் கூடை போய் நைலோன் பை வந்து எத்தனையோ காலமாகிறது. இடுப்பில் படங்கு கட்டாமல், மழைக்குப் பொலித்தீன் போடாமல் யார் கொழுந்து எடுக்கிறார்கள்?

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் பிறந்தது விளம்பரத்தில். இலங்கைத் தேயிலைப் பிரசார சபை 1932இல் உருவானது. அதற்கு முன்னும் பின்னும் தேயிலைப் பெட்டி, சுவரொட்டி, நாட்காட்டி எல்லாவற்றிலும் அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். 1940இல் மக்டொனால்ட் கில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் தேநீர் உலகத்துக்கே தெம்பு தருகிறது என்று ஒரு பிரமாண்டமான வரைபடம் போட்டார். கைத்திறனில் குறை சொல்ல முடியாத வேலை. தேநீரை விற்க வேண்டியவர்களுக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது. உனக்குத் தேவையில்லை. சுற்றுலாக் கடைக்காரர் அந்தப் படத்துக்கு நல்ல காசு தருவார், அது தெரிந்துதான் சொல்கிறேன். வீட்டுக் கஷ்டத்துக்கு ஒன்று விற்க நேர்ந்தால் விற்றுக்கொள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. உன் பெயரை மட்டும் அதில் எழுதாதே.

அம்மாவை வரை. நாலரை மணிக்கு மேல் மலையிலிருந்து வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, படங்கின் ஈர முடிச்சை அவிழ்க்க முடியாமல் நகத்தால் நெம்புவாரே, அங்கிருந்து தொடங்கு. வலது கையைப் பக்கத்தில் போய்ப் பார். பெருவிரலிலும் ஆட்காட்டி விரலின் உட்பக்கத்திலும் தோல் வெடித்திருக்கும். அந்த வெடிப்புக்குள் கொழுந்துச் சாறு இறங்கி, காய்ந்து, கறுத்திருக்கும். சவர்க்காரத்துக்கும் சாம்பலுக்கும் அது போகாது. உள்ளங்கை வெளிறிப்போய் மழையில் ஊறிய நிறத்தில் இருக்கும். அந்த இரண்டு நிறமும் ஒரே கையில் இருப்பதை எந்தச் சுவரொட்டியும் காட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே முக்காலியில், அதே வாசல் வெளிச்சத்தில் உட்கார வை. அம்மா தூங்கிவிழுந்தால் தூங்குவதை வரை.

கொழுந்து மடுவத்தை வரை. தராசு முள்ளைப் பார்க்கிற கண்களும் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தைப் பார்க்கிற கண்களும் ஒன்றாக இருக்காது; எடை கழிப்பார்கள் என்று தெரிந்து நிற்கிற முகத்துக்கு ஒரு தனி இறுக்கம் உண்டு. பிள்ளைக்காம்பராவில் வரிசையாகத் தொங்கும் ஏணைகளை வரை. பெரட்டுக்களத்துக் காலை இருட்டை வரை. ஹர்வின் அண்டர்சன் என்ற ஓவியர், ஜமேக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு பர்மிங்ஹாமில் பிறந்தவர், தன் ஆட்கள் முடிவெட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கடையை வருடக்கணக்காக வரைந்தே பேர் பெற்றார். பூண்டுலோயா டவுன் சலூன் எந்த வகையில் குறைந்தது?

வர்ணத்தைப் பற்றி ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். உன் எல்லாப் படத்திலும் பச்சை டியூபிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. எல்.எஸ். லௌரி மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளரை வாழ்நாள் முழுக்க வரைந்தவர். அவர் பாவித்தது ஐந்தே வர்ணம்: கறுப்பு, சிவப்பு, பிரஷ்யன் நீலம், மஞ்சட்காவி, வெள்ளை. பச்சையே கிடையாது. ஆரம்பத்தில் அவருடைய படங்கள் மிகவும் இருண்டிருந்தன. ஒரு பத்திரிகை விமர்சகர் அதைச் சுட்டிக்காட்டிய பிறகு, வெள்ளைப் பின்னணியின் மேல் ஆட்களை நிறுத்தத் தொடங்கினார். புகை மூடிய ஊர் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. நம் பனிமூட்டத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பச்சை டியூபை மூடி வை. கறுப்பையும் மஞ்சட்காவியையும் கலந்து பார், முற்றிய தேயிலையின் கரும்பச்சை கிடைக்கும். நீலத்தோடு காவி சேர்ந்தால் தூரத்து மலை வரும். கவ்வாத்து வெட்டிய மலைக்குப் பச்சை தேவையே இல்லை. அது சாம்பலும் காவியும்தான்.

வேலைக்குப் போனால் ஓவியம் செத்துவிடும் என்று எழுதியிருந்தாய். லௌரி 1910 முதல் 1952இல் ஓய்வு பெறும்வரை ஒரு கம்பனிக்காக வீடு வீடாகப் போய் வாடகை வசூலித்தார். ஓவியம் படித்தது பெரும்பாலும் மாலை வகுப்பில். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு, அவர் உறங்கிய பிறகு இரவில் வரைந்தார். கதவு தட்டிப் போன தெருக்களே அவருக்குப் படமாயின. ஆகவே உயர்தரத்தில் சித்திரத்தை விடாதே. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழகத்தில் இதைத் தமிழில் படிக்கலாம். இடம் கிடைக்காவிட்டால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வழியாக ஆசிரியராகு. சம்பளம் கையில் இருந்தால் சுற்றுலாக் கடைக்காரர் உன் கையைப் பிடித்து வரைய மாட்டார்.

கன்வஸ் வாங்கக் காசில்லை என்கிறாய். சான்சிபாரில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த லுபைனா ஹிமிட் 2007இல் பழைய பீங்கான் தட்டும் கோப்பையுமாக நூறு சாமான் சேகரித்து, அவற்றின் மேலேயே வரைந்தார். லங்காஸ்டர் நகரத்துச் செல்வர்களின் விருந்து மேசைக்குப் பின்னால் இருந்த அடிமை வியாபாரத்தை அந்தத் தட்டுகளே பேசின. பத்து வருடம் கழித்து, 63 வயதில், டர்னர் பரிசு அவரைத் தேடி வந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம்: நம் மலையகத்து ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, தேநீர் வடிகட்டியையும் தேநீர்ப் பையையும் சாயக்கறையையும் வைத்து நம் பெண்களின் கதையைச் சொல்கிறார். அவர் வேலைகளை எப்படியாவது தேடிப் பார். பார்த்து அதையே செய்யாதே. அவர் கையில் எடுத்தது எங்கிருந்து வந்தது என்று மட்டும் கவனி.

போக வேண்டுமா என்ற கேள்விக்கு ஐவன் பீரிஸ்தான் பதில். தெஹிவளையில் 1921இல் பிறந்தவர், 43 குழு என்ற நம் நாட்டு ஓவியர் குழுவில் ஒருவர். 1953இல் இங்கிலாந்துக்குப் போய் சௌத்எண்ட் கடற்கரை ஊரில் குடியேறி 1988இல் அங்கேயே இறந்தார். அத்தனை வருடமும் அவர் படங்களில் வந்துகொண்டே இருந்தது நம் நாட்டுக் கடற்கரைதான். போகக் கிடைத்தால் போ, தங்கச்சி. ஆனால் அம்மாவின் கையையும் மடுவத்தையும் நன்றாகப் பார்த்து முடித்துவிட்டுப் போ. பார்க்காமல் போகிறவருக்கு லண்டனில் நினைக்க ஒன்றும் இருக்காது.

கடைசியாக, தனியாக வரையாதே. இங்கிலாந்தின் வடக்கே ஆஷிங்டன் என்ற நிலக்கரி ஊரில் 1934இல் சுரங்கத் தொழிலாளர் சிலர் ஓவியம் பற்றித் தெரிந்துகொள்ள வகுப்பு வைத்தார்கள். வந்த ஆசிரியர் ராபர்ட் லயன், படம் காட்டிப் பேசுவதை விட்டுவிட்டு அவர்களையே வரையச் சொன்னார். வாரா வாரம் கூடி, ஒருவர் படத்தை மற்றவர் முகத்துக்கு நேரே விமர்சித்தார்கள். சுவருக்கு அடிக்கும் பெயிண்டிலும் வரைந்தார்கள். சுரங்கத்துக்குள் குனிந்து நிற்பதையும் வீட்டுக் கொல்லையையும் நாய்ப் பந்தயத்தையும் வரைந்தார்கள். ஒரு மரக் கொட்டகைதான் அவர்களுக்கு மண்டபம்; 1984 வரை, ஐம்பது வருடம், குழு நிலைத்தது. நல்ல படங்களை விற்காமல் பொதுவில் வைத்துக்கொண்டதால் இன்று அவை அந்த ஊர் மியூசியத்திலேயே இருக்கின்றன. லயத்தில் பிறந்த நமக்கு, எனக்குத் தெரிந்த எல்லா பிரிட்டிஷ் ஓவியர்களிலும் இவர்களே நெருங்கிய சொந்தம்.

உன் டிவிஷனிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் கிறுக்கித் தள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆணோ பெண்ணோ, இரண்டு மூன்று பேரைச் சேர். வாசிகசாலையோ கோயில் மண்டபத்து ஒரு மூலையோ, ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலத்துக்குக் கேட்டு வாங்கு. பெரியவர்களிடம் பேச வேண்டுமானால் நான் வந்து பேசுகிறேன். அடுத்த தபாலில் உன் படத்தோடு அவர்கள் படத்தையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்