மானியக் கோரிக்கை நிறைவேறிய பிறகு

சிவகிரியிலிருந்து சட்டமன்றச் செய்திப் பணிக்குச் செல்லும் இளம் செய்தியாளருக்கு,

நிதிநிலை அறிக்கை பேரவையில் வாசிக்கப்படும் நாளில் செய்தியாளர் மாடம் நிரம்பி வழிவதும், அதே ஆண்டின் கணக்கு முடிந்து தணிக்கை அறிக்கை பேரவையின் முன் வைக்கப்படும் நாளில் அதைப் புரட்டிப் பார்ப்போர் அருகிப்போவதும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உள்ள நிலை. இத்துறைக்குப் புதிதாக வருபவர் தம் உழைப்பின் பெரும்பகுதியை இரண்டாவது நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. அரசின் செலவின்மீது மக்கள் பிரதிநிதிகளுக்கு உள்ள பிடி இறுகுவதும் நழுவுவதும் அங்கேதான்.

மாநிலத்தின் வரி வருவாயும் வாங்கிய கடனும் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து சட்டத்தின் அனுமதியின்றி எத்தொகையும் எடுக்கலாகாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 266ஆம் பிரிவு. அந்த அனுமதியைப் பெறவே ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய தொகையை மானியக் கோரிக்கையாகப் பேரவையின் முன் வைக்கிறது. பேரவை வாக்களித்த பின் கோரிக்கைகள் அனைத்தும் சேர்ந்து நிதி ஒதுக்கச் சட்டமாகின்றன. கடனுக்கான வட்டி, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம் போன்ற சில செலவுகளைப் பேரவை விவாதிக்கலாமே தவிர, அவை வாக்கெடுப்புக்கு விடப்படுவதில்லை. இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. ஆனால் பாடநூல் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: பேரவை அளிக்கும் வாக்கு ஒரு மேல்வரம்பை மட்டுமே வகுக்கிறது. அந்த வரம்பைத் தாண்டிச் செலவழிப்பது அரசமைப்பை மீறுவதாகும். வரம்புக்குள் எதையும் செலவழிக்காமல் ஆண்டை முடிப்பதை அந்தச் சட்டத்தில் எதுவும் தடுப்பதில்லை.

சிவகிரி வட்டாரத்தவருக்கு இதை விளக்கச் செண்பகவல்லி அணையைவிட வேறு சான்று தேவையில்லை. மேற்கு மலையில், கேரள எல்லைக்குள் உள்ள அந்தத் தடுப்பணை 1960களில் உடைந்த நாள் முதல், சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பகுதிகளின் குளங்களுக்கு வரவேண்டிய நீர் மேற்கே போகிறது என்று உழவர்கள் முறையிட்டு வருகின்றனர். பழுதுபார்க்கும் செலவில் தமிழ்நாட்டின் பங்காகக் கேரளத்துக்குச் செலுத்தப்பட்ட பணம், வேலை நடைபெறாமலேயே திரும்பி வந்தது. பணம் அனுமதிக்கப்பட்டது, வழங்கவும் பட்டது. கணக்கு நூலின் பார்வையில் அங்கே முறைகேடு ஒன்றுமில்லை, வயலுக்குத்தான் நீர் இல்லை. மிகைச் செலவைத் தேடும் கண், செலவாகாத தொகையைக் காணத் தவறினால், பாசனத்தை நம்பிய ஒரு வட்டாரத்தின் குறையில் பாதி எழுதப்படாமலே போய்விடும்.

ஆகவே ஒரே ஒரு கணக்குத் தலைப்பைத் தேர்ந்து, அதை மூன்று நான்கு ஆண்டுகள் விடாமல் பின்தொடர்வதே பயிற்சிக்கு உகந்தது. நீர்வளத் துறையின் கோரிக்கை எண் 40. அதன் கீழ் நான்கு இலக்கப் பெருந்தலைப்புகள் வரிசையாக நிற்கும். 2இலும் 3இலும் தொடங்குபவை அன்றாட வருவாய்ச் செலவு, 4இலும் 5இலும் தொடங்குபவை அணை, கால்வாய் போன்ற சொத்துகளை உருவாக்கும் மூலதனச் செலவு. ஒரு தலைப்புக்கு நேராக முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கும், நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடும், வரும் ஆண்டின் மதிப்பீடும் அருகருகே அச்சிடப்பட்டிருக்கும். மதிப்பீடு ஆண்டுதோறும் பெரிதாகவும் உண்மைக் கணக்கு ஆண்டுதோறும் சிறிதாகவும் இருந்தால், பேரவைக்குச் சொல்லப்பட்டது ஒன்று, நடந்தது வேறு என்பது எவருடைய பேட்டியுமின்றித் தெரிந்துவிடும். செலவழிக்கப்படாமல் மார்ச் இறுதியில் ஒப்படைக்கப்படும் தொகைகளை நிதி ஒதுக்கக் கணக்குகள் காரணத்தோடு பதிவு செய்கின்றன. அந்தக் காரணங்களில் தெளிவற்றவை எவையோ அவற்றிலிருந்தே கேள்விகள் பிறக்கும்.

மானியக் கோரிக்கை விவாதத்தின் முடிவில் அமைச்சர்கள் வாசிக்கும் புதிய அறிவிப்புகளே மறுநாள் நாளிதழ்களை நிரப்புகின்றன. அறிவிப்புக்குரிய தொகை அந்தக் கோரிக்கையிலேயே இருக்கிறதா, துணை மானியக் கோரிக்கையில் பின்னர் கேட்கப்படுமா என்று அன்றே வினவுவது செய்தியாளரின் கடமை. ‘புதுப் பணிகள்’, ‘புதுத் துணைப் பணிகள்’ ஆகியவற்றுக்கு ஒப்புதல் பெறுவதும், எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்னதாக எடுத்ததை ஈடுசெய்வதும் துணைக் கோரிக்கையின் நோக்கங்களாகச் சொல்லப்படும். அவசரத்துக்காக வைக்கப்பட்ட இந்த வழி வழக்கமாகிவிடும்போது, மானியக் கோரிக்கை விவாதத்தின் மதிப்பு குறைகிறது. வரம்பு மீறிய செலவைக் கவனியாமல் விடுவதன் விளைவுக்குப் பீகார் ஒரு சான்று: அங்கே கால்நடைத் துறையில் பேரவை அனுமதித்ததைவிட மிகுதியாகப் பணம் எடுக்கப்பட்டது ஆண்டுக் கணக்குகளிலேயே தெரிந்தது. ஆயினும் 1996இல் தீவன ஊழல் வெடிக்கும்வரை அந்த எண்கள் உரிய கவனம் பெறவில்லை.

இவ்விடத்தில் மலைக்கு அப்பாலுள்ள நடைமுறை கருதத்தக்கது. கேரளப் பேரவை 1980இல் துறைவாரிப் பொருட்குழுக்களை அமைத்தது. மானியக் கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு வருமுன் அக்குழுக்களின் ஆய்வுக்குச் செல்கின்றன. நாடாளுமன்றத்திலும் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் இதைச் செய்கின்றன. தமிழ்நாட்டிலோ ஒரு துறையின் ஆண்டு முழுமைக்குமான செலவு பேரவையிலேயே ஓரிரு நாள்களில் பேசி முடிக்கப்படுகிறது. இது மாற வேண்டும் என்பதில் ஐயமில்லை. மாறும்வரை, வாக்கெடுப்புக்கு முந்திய ஆய்வின் குறையைப் பிந்திய ஆய்வுதான் ஈடுசெய்தாக வேண்டும்.

பிந்திய ஆய்வின் இருப்பிடம் பேரவையின் பொதுக் கணக்குக் குழு. இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 151ஆம் பிரிவின்படி ஆளுநர் வழியாகப் பேரவைக்கு வருகிறது. எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கூட்டத்தொடரின் இறுதி நாளில் வைக்கப்படும் அறிக்கையைப் பேரவை விவாதிக்க இயலாது. அதன்பின் அறிக்கையின் பத்திகளைக் குழு ஒவ்வொன்றாக எடுத்து, துறைச் செயலாளர்களை அழைத்து விளக்கம் கேட்கிறது. நாடாளுமன்றத்தில் இதே பெயருள்ள குழுவின் தலைமை எதிர்க்கட்சியினருக்கு உரியது என்ற மரபு 1967இல் தொடங்கியது; தலைமையில் இருப்பவர் ஆளுங்கட்சியோடு எவ்வாறு நிற்கிறார் என்பதை மாநிலத்திலும் செய்தியாளர் மறவாமல் குறிப்பிட வேண்டும்.

குழு மாவட்டங்களுக்கும் ஆய்வுப் பயணம் வருவதுண்டு. அது தென்காசிக்கு வரும் நாளில், அணைக்கரையிலோ மருத்துவமனையிலோ உறுப்பினர்கள் நிற்கும் புகைப்படத்தோடு பெரும்பாலான செய்திகள் முடிந்துவிடும். எந்த ஆண்டு அறிக்கையின் எந்தப் பத்திக்காகக் குழு வந்திருக்கிறது, அந்தப் பத்திக்குத் துறை அளித்த விளக்கம் என்ன, முந்தைய பரிந்துரைகளில் எவை நிலுவையில் உள்ளன என்று கேட்கும் செய்தியாளர், அந்தப் பத்தியை முன்னிரவே படித்து முடித்தவராக இருக்க வேண்டும்.