ஜியு ஜிட்சுவும் எடைப்பயிற்சியும்: இரண்டும் கைகூட 7 குறிப்புகள்

மாலையில் அடையாறில் பிரேசிலியன் ஜியு ஜிட்சு வகுப்பு, காலையில் தி.நகரில் ஜிம் என்று ஓடுகிறவர்களுக்கு:

● நாட்களைப் பிரியுங்கள்: வாரம் 3 நாள் ஜியு ஜிட்சு, 2 நாள் எடை, 2 நாள் ஓய்வு. தொடங்குபவர்களுக்கு இது தாராளம்.

● ஒரே நாளில் இரண்டுமா? நடுவில் 6 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கடுமையான ஸ்பாரிங்குக்கு முந்தைய நாள் டெட்லிஃப்ட் வேண்டாம். இடுப்பும் பிடியும் தளர்ந்திருக்கும்.

● குறைவாக, நிறைவாக: ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல்-அப், தோள் பிரஸ் போதும். 3 செட், தலா 5 முறை. இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்னும்போதே நிறுத்துங்கள்.

● நம்மூர்க் கர்லாக்கட்டை: தோளுக்கும் மணிக்கட்டுக்கும் கைப்பிடிக்கும் நல்லது. எடை குறைந்த கட்டையில் தொடங்குங்கள்.

● புரதம்: உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். சுண்டல், பருப்பு, தயிர், மீன் சேருங்கள்.

● வியர்வை: சென்னைப் புழுக்கத்தில் தண்ணீர் மட்டும் போதாது, உப்பிட்ட மோர் குடியுங்கள். வகுப்பு முடிந்ததும் குளித்து, உடையை அன்றே துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். படர்தாமரை வராமல் காக்கும் முதல் வழி இதுதான்.

● உடம்பு சொல்வதைக் கேளுங்கள்: தூக்கம் கெட்டு, மூட்டுவலி நீடித்தால் முதலில் தூக்கும் எடையைக் குறையுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்படிப்பட்ட நாட்களில் நாகேஸ்வரராவ் பூங்காவில் மெல்ல நடப்பதே சிறந்த பயிற்சி.