சக்கரம் பெரிதானால்

தோவாளைச் சந்தையில் பொழுது புலரும் முன்பே மல்லிகையும் பிச்சியும் மூட்டைகளாகின்றன. அவற்றை ஏற்றிய பிக்கப் வண்டிகள் களியக்காவிளையைக் கடந்து, பாலராமபுரம், கரமனை வழியாகத் திருவனந்தபுரத்தின் 'சாலை' எனப்படும் கடைத்தெருவை வந்தடைகின்றன. பூ வாடுமுன் விற்றாக வேண்டும். ஆதலின் ஓட்டுநர்கள் விரைகின்றனர்.

பிக்கப் வண்டிகள் சிலவற்றில் தயாரிப்பாளர் வகுத்ததைவிடப் பெரிய டயர்கள் பொருத்தப்படுகின்றன. மேடுபள்ளங்களில் அடிப்பாகம் இடிபடாது, தோற்றமும் கம்பீரமாக இருக்கும் என்பர். இரண்டும் உண்மையே. ஆயினும் பிரேக்குக்கு அதனால் நேர்வது யாது என எண்ணுவோர் சிலரே.

டயரின் பக்கச் சுவரில் '215/75 ஆர் 15' என்பது போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அகலம் 215 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் 75 விழுக்காடு; நடுவிலுள்ள உலோக வளையத்தின் விட்டம் 15 அங்குலம். இவற்றைக் கூட்டிக் கணக்கிட்டால் முழு விட்டம் ஏறத்தாழ 704 மி.மீ. அதற்கு மாற்றாக '235/75 ஆர் 15' டயரைப் பொருத்தினால் விட்டம் 734 மி.மீ. ஆகும். வேறுபாடு மூன்று செ.மீ. மட்டுமே; நூற்றுக்கு நான்கு பங்கு.

ஒரு கதவை எண்ணிப் பாருங்கள். கீலின் அருகே ஒருவர் கையூன்றித் தடுக்கிறார். மற்றொருவர் கதவின் விளிம்பில் நின்று தள்ளுகிறார். கதவின் அகலம் கூடினால் தடுப்பவருக்கே இடர் மிகுதி. பிரேக் சக்கரத்தின் நடுவருகே பற்றுகிறது. சாலையோ டயரின் விளிம்பில் உரசுகிறது. எனவே ஆரம் நான்கு பங்கு கூடினால், மிதியை முன்போலவே அழுத்தினும் வண்டியைத் தடுக்கும் விசை ஏறத்தாழ நான்கு பங்கு குறையும்.

வேகமானியும் ஏமாற்றும். அது சக்கரத்தின் சுழற்சியைக்கொண்டே வேகத்தைக் காட்டுவது. சிறிய டயர் ஒரு சுற்றில் 2.21 மீட்டர் செல்லும், பெரியது 2.30 மீட்டர் செல்லும். முன்பு சரியாக 60 கி.மீ. காட்டிய வண்டி, இப்போது அதே 60-ஐக் காட்டுகையில் 62.5 கி.மீ. வேகத்தில் ஓடும். நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதாகும். இரு குறைகளும் சேர, பிரேக் பிடித்தபின் 25 மீட்டரில் நின்ற வண்டி 28 மீட்டரைத் தாண்டியே நிற்கும். கரமனையில் பள்ளிக்குச் செல்லும் சிறுவன் அந்த மூன்று மீட்டருக்குள் சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

இன்னும் அழுத்தி மிதித்தால் ஆகாதா? வெற்று வண்டியில் ஓரளவு ஆகும். சுமையேறிய வண்டிக்கு, அதிலும் இறக்கத்தில், அது எளிதன்று. இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட பொன்முடிப் பாதையில் இறங்குவோர் கீழ்க் கியரில் எஞ்சினைக்கொண்டே வேகத்தை அடக்குவர். பெரிய டயர் எஞ்சினின் அந்தப் பிடியையும் தளர்த்திவிடும். குறையும் பங்கைப் பிரேக்கே சுமக்க, அது மேன்மேலும் சூடேறும். சூடு மிகுந்தால் பிடிமானம் குன்றும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைத்தல் பற்றியது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், உரிய டயரின் அளவும் காற்றழுத்தமும் குறித்த சிறு தகடு தென்படும். வீட்டிலோ தெருவிலோ நிற்கும் வண்டி ஒன்றில், உரியவரின் இசைவுடன், அந்த எண்ணையும் டயரில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதி வருக.