மகிழுந்தில் ஒலி: அறுநூறு ரிங்கிட்டில் கற்ற பாடம்

2007-ஆம் ஆண்டு. அப்போது நான் ஷா ஆலமில் இரண்டாம் ஆண்டு மாணவன். அப்பாவின் புரோட்டோன் வீரா மகிழுந்தை வார இறுதிகளில் நான்தான் ஓட்டுவேன். 1993-இல் சந்தைக்கு வந்து 2009 வரை உற்பத்தி செய்யப்பட்ட அந்த வண்டியை நம்மவர் வீடுகளில் அறியாதவர் இல்லை என்றால் அது மிகையாகாது. எங்கள் வண்டியில் ஆலையில் பொருத்திய வானொலியும் ஸ்பீக்கர்களும் அப்படியே இருந்தன. பத்து ஆண்டு வெயிலும் மழையும் பட்டு, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஓரங்களில் உதிரத் தொடங்கியிருந்தது.

பெட்ரோல் நிலையத்தில் பகுதி நேர வேலை செய்து சேர்த்த எழுநூறு ரிங்கிட்டை எடுத்துக்கொண்டு நான் முதலில் வாங்கியது என்ன தெரியுமா நண்பர்களே? பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் பெட்டி ஒன்றும், அதை இயக்கப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும்! பூட்டைத் திறந்தால் பெட்டி மட்டும்தான் தெரியும். அம்மா வாங்கும் அரிசி மூட்டைக்கு இடமில்லை. அன்று மாலை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மின்னல் பண்பலையை வைத்தேன். கண்ணாடிகள் அதிர்ந்தன. அப்பா சற்று நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இடிக்குது தம்பி. ஆனா ஒரு வார்த்தையும் புரியல."

அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் இரும்புத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இரைச்சலில் நீண்ட காலம் உழைத்தவர்களின் செவித்திறன் முதலில் 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டித்தான் குறையும் என்பதை நான் பின்னரே படித்தேன். பேச்சில் உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. சகரத்தின் சீறலும், வல்லினம் வெடிக்கும் கணமும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் பெரிதும் தங்கியிருக்கின்றன. அவை மங்கினால் குரல் கேட்கும், சொல் கேட்காது. நான் எழுநூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய பெட்டியோ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் உழைக்கும் பொருள். அப்பாவுக்குத் தேவையான எதையும் அது தரவில்லை. கேட்டுக்கொண்டிருந்த கொஞ்சத்தையும் மூடிவிட்டது.

அங்கிருந்துதான் நான் படிக்கத் தொடங்கினேன். குறைந்த செலவில் மகிழுந்தின் ஒலியை மேம்படுத்த நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக அதை இங்கே எழுதுகிறேன். ஒரு சிறு விளக்கம்: ஸ்பீக்கரை நாம் ஒலிபெருக்கி என்கிறோம். உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை; மின்குறிப்பை அசைவாக மாற்றுகிறது. பெருக்குவது ஆம்ப்ளிஃபயர்தான். குழப்பம் வேண்டாமே என்று இரண்டையும் கடையில் சொல்லும் பெயராலேயே குறிப்பிடுகிறேன். மொழிக்கழக நண்பர்கள் பொறுத்தருள்க.

ஐம்பது வாட் எனும் கணக்கு

வானொலிப் பெட்டியின் முகப்பில் '50 வாட் x 4' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஐம்பது எங்கிருந்து வருகிறது? இயந்திரம் ஓடும்போது மகிழுந்தின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 52 வருகிறது. ஆனால், அது மின்னழுத்தம் முழுவதும் இடைவிடாமல் ஸ்பீக்கரில் விழும் சதுர அலைக்கான கணக்கு. சீரான சைன் அலைக்கு அதில் பாதி, அதாவது 26 வாட்தான் கிடைக்கும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் தின்பது போக, சிதைவில்லாமல் கேட்கக்கூடியது 18 முதல் 20 வாட் வரை. படிவம் ஐந்து இயற்பியல் போதும் இதைக் கண்டுபிடிக்க. கடைக்குப் போகும்போது மட்டும் அது எனக்கு ஏனோ மறந்துவிட்டது.

இருபது வாட் குறைவோ என்று கவலைப்பட வேண்டாம். ஆற்றலை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். 'இரு மடங்கு சத்தம்' என்று நம் காது உணர ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். அதற்கு ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 20 வாட்டை விட்டு 40 வாட்டுக்குத் தாவப் பணம் கொடுப்பதைவிட, உணர்திறன் கூடிய ஸ்பீக்கரை வாங்குவது மேல். ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் ஒரு வாட், ஒரு மீட்டர் என்று குறித்து 88 அல்லது 91 டெசிபெல் என்று போட்டிருப்பார்கள். இரண்டாவது ஸ்பீக்கர், அதே வானொலியில், இரு மடங்கு ஆற்றல் கொடுத்தது போன்ற ஒலியைத் தரும். கடைக்காரர் எந்த எண்ணைப் பெரிதாகக் காட்டுகிறாரோ அதை விட்டுவிட்டு இந்தச் சிறிய எண்ணைத் தேடுங்கள்.

கதவே பெட்டி

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி உண்டு. மகிழுந்தில் கதவுதான் பெட்டி, அதுவும் ஓட்டைப் பெட்டி. இதைப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையில் பாதியைப் படித்துவிட்டதாகவே கொள்ளலாம்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று அழுத்தப்படுகிறது. அதே கணம் பின்புறக் காற்று இழுக்கப்படுகிறது. பின்புற அலை சுற்றிவந்து முன்புற அலையைச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாழ்ந்த அதிர்வெண்களில் இது மிகுதி. கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இரும்புத் தகட்டில் கை நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கும். அவற்றை ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் மூடியிருக்கும். மிருதங்கத்தின் தொப்பி ஏன் வானொலியில் மட்டும் தட்டையாகக் கேட்கிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. சப்வூஃபர் வாங்கி நான் தேடிய கும்காரத்தில் பெரும்பகுதி, எங்கள் கதவின் துளை வழியே வீணாகிக்கொண்டிருந்தது!

இரண்டாம் முறை நான் செய்தது இதுதான். சப்வூஃபரை ஒரு நண்பருக்கு முந்நூறு ரிங்கிட்டுக்கு விற்றேன். இன்னும் முந்நூறு சேர்த்தேன். அதில் 120 ரிங்கிட்டுக்குப் பியூட்டைல் தகடுகள் வாங்கினேன். ஒரு பக்கம் ஒட்டும் ரப்பர், மறுபக்கம் அலுமினியத் தாள். முதல் வேலையாகக் கதவின் வெளித்தகட்டின் உட்புறத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நன்கு காய்ந்தபின் ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் தகட்டை ஒட்டி அழுத்தினேன். பிறகு உள்தகட்டின் பெரிய துளைகளை மூடினேன். முழுக் கதவையும் மூட வேண்டியதில்லை. விரலால் தட்டினால் 'டங்' என்று ஒலித்த தகடு 'டொக்' என்று அடங்கினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு மழையில் கண்ணாடி வழியே தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துவாரங்கள் உண்டு. அவற்றை மூடிவிட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இன்னொன்று, கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார்ப்பட்டை மலிவாயிற்றே என்று சிலர் அதை வாங்குவார்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் தார் இளகி வழியும். நாற்றம் மாதக்கணக்கில் போகாது.

280 ரிங்கிட் முன்கதவு ஸ்பீக்கர்களுக்குப் போனது. கூம்பின் நடுவிலேயே சிறு டுவீட்டர் அமைந்தது கோஏக்சியல் வகை. பொருத்துவது எளிது, விலையும் குறைவு. டுவீட்டர் தனியாக வருவது கம்போனன்ட் வகை. நான் தனி வகையை வாங்கினேன். காரணம், உயர்ந்த அதிர்வெண்கள் டார்ச் விளக்கின் ஒளி போல நேர்கோட்டில் செல்பவை. கதவின் கீழே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும் சகரமும் டகரமும் நம் முழங்காலில் மோதி முடிந்துவிடும். டுவீட்டரைப் பக்கக் கண்ணாடியின் உட்புற முக்கோணத்தில் பொருத்தினால் பாடகரின் குரல் காலடியிலிருந்து எழுந்து முகத்துக்கு நேரே வந்து நிற்கும். டுவீட்டருக்குத் தாழ்ந்த அதிர்வெண் போனால் எரிந்துவிடும் என்பதால், பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பெட்டி உடன் வரும். மலிவான டுவீட்டரில் ஒரே ஒரு மின்தேக்கி இருக்கும். 4 ஓமுக்கு 10 மைக்ரோஃபாரட் என்றால் ஏறத்தாழ 4000 ஹெர்ட்ஸில் பிரிக்கும்.

பின் ஸ்பீக்கர்களைத் தொடவில்லை. ஓட்டுநருக்கும் பக்கத்தில் அமர்பவருக்கும் முன்னால் இருப்பவையே முக்கியம். 150 ரிங்கிட்டுக்கு யூ.எஸ்.பி. வசதியுள்ள பழைய வானொலிப் பெட்டி ஒன்று கிடைத்தது. மீதி ஐம்பது மாற்றுப் பிளக்குக்கும் கம்பிக்கும். தயவுசெய்து வண்டியின் மூலக் கம்பிகளை வெட்டாதீர்கள். வண்டி வகைக்கேற்ற மாற்றுப் பிளக் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது.

கம்பிகளை இணைக்கும்போது கூட்டல், கழித்தல் மாறினால் ஒரு கதவின் கூம்பு முன்னே வர, மறு கதவின் கூம்பு பின்னே போகும். தாழ்ந்த ஒலி மாயமாகிவிடும். 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் கம்பியில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூட்டல் கூட்டலோடு சேர்ந்திருந்தால் கூம்பு வெளியே வரும். டுவீட்டரை மட்டும் இப்படிச் சோதிக்க வேண்டாம். நான் இதை அறியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கி, "ஸ்பீக்கரே மோசம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவிருந்தேன்.

உருகி இல்லாத கம்பி

வேண்டுமென்றே தள்ளிவைத்த ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். அந்தச் சப்வூஃபர் இருந்த மூன்றாவது வாரம், அப்பாவும் அம்மாவும் வண்டியில் இருக்க, லெபுராயா பெர்செக்குத்துவானில் பத்து தீகாவை நெருங்கிக்கொண்டிருந்தோம். ரப்பர் எரியும் வாடை வந்தது. பிறகு டாஷ்போர்டின் அடியிலிருந்து புகை. ஓரமாக நிறுத்தியதும் அப்பா முன்மூடியைத் திறந்து, கையில் கிடைத்த துணியால் பேட்டரி முனையைப் பிடுங்கி எறிந்தார். அம்மா சாலையோரம் நின்று அழுதார். அப்பா அன்று என்னைத் திட்டவில்லை. மறுநாள் வேலைக்குப் போக வண்டியில்லாமல் விடியற்காலை நான்கரை மணிக்குப் பேருந்துக்கு நடந்தார்.

தவறு முழுக்க என்னுடையது. பேட்டரியிலிருந்து பூட்டு வரை போன மின்கம்பியில் நான் உருகி வைக்கவில்லை. இயந்திர அறைக்கும் உள்ளறைக்கும் இடையேயுள்ள தகட்டில் துளையிட்டு, ரப்பர் வளையமும் போடாமல் கம்பியை நுழைத்திருந்தேன். அதிர்வில் உறை தேய்ந்து, கம்பி உடலிரும்பைத் தொட்டது. பன்னிரண்டு வோல்ட் தொட்டால் நமக்கு உறைக்காது. ஆனால் அந்தப் பேட்டரி குறுக்குச்சுற்றில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைத் தள்ள வல்லது.

ஆம்ப்ளிஃபயரிலேயே ஓர் உருகி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். அது ஆம்ப்ளிஃபயரைத்தான் காக்கும். கம்பியைக் காக்கும் உருகி பேட்டரிக்கு அருகில், ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஏனெனில் உருகிக்கு முன்னால் உள்ள கம்பிக்குக் காவல் இல்லை. அளவுக்கும் கணக்கு உண்டு. நான்கு தடங்களில் தலா 50 வாட் என்றால் வெளியே 200 வாட். பாதிக்குச் சற்று மேல் திறன் கொண்ட ஆம்ப்ளிஃபயர் உள்ளே 370 வாட் அளவுக்கு இழுக்கும். 13.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27 ஆம்பியர். எட்டு கேஜ் செம்புக் கம்பியும் 40 ஆம்பியர் உருகியும் இதற்குப் போதும். தரைக்கம்பியைக் குட்டையாக வைத்து, வண்ணப்பூச்சைச் சுரண்டி, வெற்று இரும்பில் முடுக்க வேண்டும். ஒலிக்குறிப்புக் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டினால், இயந்திரத்தின் வேகத்துக்கேற்ப ஒரு கொசு ஸ்பீக்கருக்குள் பாடும்.

ஓராண்டு கழித்து இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரை மீண்டும் வைத்தேன். அதிலுள்ள கெய்ன் திருகை ஒலியளவுத் திருகென்று எண்ணி முழுக்கத் திருப்புவோர் பலர். அது வானொலியின் குறிப்பளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு மட்டுமே. கூடினால் இரைச்சலும் சிதைவும்தான் கூடும்.

இப்போது வரும் மகிழுந்துகளில் வானொலி, திரை, பின்புறக் கேமரா எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. பெட்டியை மாற்றுவது கடினம், உத்தரவாதமும் பாதிக்கப்படலாம். அவற்றில் பெட்டியை விட்டுவிட்டுக் கதவையும் முன் ஸ்பீக்கர்களையும் மட்டும் கவனியுங்கள். பிறகு வேண்டுமானால், ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே குறிப்பை எடுத்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன.

அறுநூறு ரிங்கிட் வேலை முடிந்த ஞாயிறு மாலை அப்பாவை மறுபடி உட்கார வைத்தேன். அவராகவே ஒலியைக் குறைத்தார். முன்பு வைத்ததில் பாதி அளவில் செய்தி வாசிப்பைக் கேட்டுக்கொண்டு கிள்ளான் வரை வந்தார். இறங்கும்போது, "இப்ப அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு தெரியுது," என்றார். ஆனால் வலது பக்கம் உட்கார்ந்தால்தான் தெரிகிறது, இடப்பக்கம் உட்கார்ந்தால் பாதி போய்விடுகிறது என்றும் சொன்னார். வலதுகாது ஜன்னல் பக்கம் போகும்போது ஒன்று, இடதுகாது போகும்போது வேறொன்று! ஸ்பீக்கரில் கோளாறு என்று நான் மறுபடி பேட்டரியை எடுத்துச் சோதித்தேன். ஸ்பீக்கர்கள் இரண்டும் சரியாக இருந்தன.

அடுத்த மாதம் அவரைச் செவிச் சோதனைக்கு அழைத்துச் சென்றேன். இடதுகாதில் இழப்பு கூடுதல். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு என்று அமெரிக்காவின் தொழில் நலக் கழகமான நயோஷ் வகுத்திருக்கிறது; ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்குப் பதினைந்து நிமிடம்தான். மூடிய மகிழுந்துக்குள் என்னுடைய பழைய சப்வூஃபர் அந்த அளவை எளிதில் தொட்டிருக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஷா ஆலமிலிருந்து கிள்ளானுக்குக் கூடப் போய்ச் சேர முடியாது.

வீராவை 2014-இல் விற்றோம். உதிர்ந்த பழைய ஸ்பீக்கர்களை அப்பா தாளில் சுற்றிப் படிக்கட்டின் கீழ் வைத்திருந்தார். அவற்றையே வண்டியில் திரும்பப் பொருத்திவிட்டு, எங்களுடையதைக் கழற்றிக்கொண்டோம். இப்போது அவை என் மைவியில் இருக்கின்றன. கதவுத் துளை பொருந்தாததால் ஒட்டுப்பலகையில் இரண்டு வளையங்கள் வெட்டித் தந்தவர் அப்பாதான். காதில் கருவி மாட்டியிருந்தார். பலகை அறுக்கும்போது மட்டும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டார்.