ஏரிக் கரம்பை எரியாது

கோடையில் காஞ்சிபுரம் சுற்றுவட்டார ஏரிகள் வற்றியதும் அடியில் படிந்த வண்டலான கரம்பையை வெட்டும் வேலை தொடங்கும். கூடவே சில பேச்சுகளும் கிளம்பும்.

நம்பிக்கை: ஏரியடியில் இருக்கும் கருப்பு மண் நாளைய நிலக்கரி. விட்டுவைத்தால் நெய்வேலி மாதிரி ஆகிவிடும்.

ஆகாது. காய்ந்த கரம்பைக் கட்டி ஒன்றை அடுப்பில் போட்டுப் பாருங்கள். எரியாது, மெல்லச் சிவந்து செங்கல் நிறத்துக்கு வரும். அது பெரும்பாலும் களிமண். மட்கிய இலைதழை அதில் கொஞ்சம்தான். நிலக்கரியின் முதல் படியான பீட் வேறு வகை. செடிகொடிகள் முழுதாக மட்காமல் நீருக்கடியில் அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டாவது. ஒரு மீட்டர் கனத்துக்குச் சேர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிடிக்கும். காயவைத்தால் விறகு போல எரியும். அயர்லாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதை வெட்டித்தான் குளிர் காய்ந்தார்கள்.

பீட் சேர வேண்டுமானால் நிலம் ஆண்டு முழுவதும் ஊறிக் கிடக்க வேண்டும். காற்றுப் பட்டால் நுண்ணுயிர்கள் இலைதழையைத் தின்று தீர்த்துவிடும். நம் ஏரிகளோ ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, வைகாசியில் வெடித்துக் கிடப்பவை. தமிழ்நாட்டில் பீட் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரியின் குளிர்ந்த பள்ளங்களுக்குப் போக வேண்டும்.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி பல கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் புதைந்த தாவரங்களிலிருந்து வந்தது. 1930களில் அங்கே ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது அந்தக் கரும்பொருள் வெளிப்பட்டது. 1956இல் அதை வெட்டியெடுக்க நெய்வேலி நிலக்கரி நிறுவனம் வந்தது. அந்தக் கணக்கை நம் ஏரிக்குப் போட முடியாது.

 

நம்பிக்கை: சதுப்பு வீண் நிலம்.

2018 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த பள்ளிக்கரணைச் சதுப்பைக் குப்பைமேடாக்கியது இந்த நினைப்புதான். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரைத் தாங்கும் அந்தச் சதுப்பில் 1,248 ஹெக்டேருக்கு 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அங்கே வெட்டி விற்க எதுவும் இல்லை. வெள்ளத்தைத் தாங்குவதே அதன் செல்வம்.

நம்பிக்கை: ஏரியை எவ்வளவு ஆழமாகத் தோண்டுகிறோமோ அவ்வளவு நல்லது.

மூன்றிலும் ஆபத்தானது இதுதான். தூர் என்பது மேலே படிந்த வண்டல் மட்டுமே. அதற்குக் கீழே நீரைத் தாங்கும் களிப்படுகையைக் கிழித்துச் சவுடும் கிராவலும் அள்ளினால் ஏரி ஒழுகும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் ஆடுமாடு குடிக்கலாம். தானாக வயலுக்குப் பாயாது. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் வைத்துப் பராமரித்த ஊர்க்காரர்கள் நாம். இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலே படிந்த அந்த வண்டல் மட்டும் விவசாயிகளுக்கு இலவசம்: ஏக்கருக்கு நன்செய்யானால் 75 கன மீட்டர், புன்செய்யானால் 90. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். மணற்பாங்கான நிலத்தில் கரம்பை ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஏற்கெனவே களியான வயலில் அவ்வளவு பயன் இராது. மண் பரிசோதனை செய்துவிட்டு அடியுங்கள். உங்கள் ஏரியிலிருந்து லாரியில் போவது கரம்பைதானா, கிராவலா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். கிராவலென்றால் அன்றைக்கே வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.