“நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்!”

திருமண வீட்டில் இரவு விருந்து முடிந்தது. மது அருந்திய ஒருவர் தம் மோட்டார் சைக்கிளை எடுக்கிறார். “அண்ணே, வண்டி இங்கேயே இருக்கட்டும்” என்கிறான் அவருடைய தம்பி. “போடா! நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்” என்று பதில் வருகிறது. அவர் பொய் சொல்கிறாரா? இல்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார். ஏன்?

மதுவிலுள்ள எத்தில் ஆல்கஹால் இரைப்பையிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே சில நிமிடங்களில் மூளையை அடைகிறது. ஆபத்தை எடைபோடுவதிலும், ‘வேண்டாம்’ என்று நம்மைத் தடுப்பதிலும் பெருமூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. கால் தள்ளாடுவதற்கு முன்பே அந்த வேலை கெடத் தொடங்கிவிடுகிறது. தராசு பழுதானபின், அதே தராசைக் கொண்டு அதன் பழுதை அறிய முடியுமா?

கண் கண்டதற்கேற்பக் கையும் காலும் இயங்குவதற்கும் நேரம் கூடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால், நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். பிரேக் பிடிக்க அரை நொடி தாமதமானாலே வண்டி 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். சாலையின் குறுக்கே வந்த குழந்தையின் உயிர் அந்த 8 மீட்டரில் இருக்கலாம்!

“காபி குடித்தேன், குளித்தேன், தூங்கினேன், தெளிந்துவிட்டது” என்பார் சிலர். ஆல்கஹாலைச் சிதைப்பது பெரும்பாலும் கல்லீரலே. காபியும் குளிர்ந்த நீரும் அதன் வேலையை விரைவுபடுத்துவதில்லை. ஒரு கணக்குப் போடுவோம். இரவு 11 மணிக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 150 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கிறது. மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறைவதாகக் கொண்டால், காலை 6 மணிக்கும் 45 மில்லிகிராம் மிஞ்சும்! 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம் என்கிறது நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 30-க்குள் இருந்தால் ஆபத்தில்லை என்று அதற்குப் பொருள் அல்ல.

அப்படியானால் சரியான முடிவை எடுக்க ஏற்ற நேரம் எது? வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்தான். அப்போதுதான் தராசு பழுதின்றி இருக்கிறது. “இன்று குடிப்பேன்” என்று தோன்றினால், வண்டி வீட்டிலேயே நிற்க வேண்டும். நீங்களும் ஒன்று செய்யலாம். குடித்தவர் மாமாவே ஆனாலும், அண்ணனே ஆனாலும், அவர் வண்டியின் பின்னால் ஏறாதீர்கள். ‘மரியாதைக் குறைவாகுமோ’ என்று தயங்காதீர்கள்.

மேற்கண்ட கணக்கின்படி ஆல்கஹால் முழுவதும் நீங்கக் காலை எத்தனை மணி ஆகும்? போட்டுப் பாருங்கள், விடையை வீட்டிலும் சொல்லுங்கள்.